அப்வர்ட் பவுண்ட் திட்டம்: மகளோடு மூன்றாண்டுகள் உள்ளிருந்து கண்டவை

2021ஆம் ஆண்டின் இறுதியில், பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகள், பள்ளிக் கவுன்சிலர் கொடுத்ததாகச் சொல்லி நான்கு பக்கப் படிவம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளையும், பெற்றோர் பட்டம் பெறாத வீட்டுப் பிள்ளைகளையும் அமெரிக்க மத்திய அரசின் செலவில் கல்லூரிக்கு ஆயத்தப்படுத்தும் 'அப்வர்ட் பவுண்ட்' திட்டத்தின் விண்ணப்பம் அது. முற்றிலும் இலவசம் என்று போட்டிருந்ததாலேயே எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. மூன்றாண்டுகள் அதன் உள்ளே இருந்து பார்த்துவிட்டேன். இதற்குத் தகுதியுள்ள நம் குடும்பங்கள் பல, தகுதி இருப்பதே தெரியாமல் ஒதுங்கி நிற்பதையும் கண்டேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். இதே நோக்கத்தில் நடக்கும் வேறு சில திட்டங்களுக்கும் மகள் விண்ணப்பித்தாள். தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் சிலர் அவற்றில் சேர்ந்திருந்தார்கள். அவற்றையும் வேண்டிய இடத்தில் ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

'முதல் தலைமுறை' என்ற சொல்லில்தான் நம்மவர்கள் பெரும்பாலும் இடறுகிறார்கள். அமெரிக்காவுக்குக் குடிவந்த முதல் தலைமுறை என்று சிலர் பொருள் கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்காக வாங்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழை மனத்தில் வைத்துக்கொண்டு, மூத்த பிள்ளை பட்டம் வாங்கிவிட்டதால் இளையவருக்குக் கிடைக்காது என்று வேறு சிலர் விட்டுவிடுகிறார்கள். இங்கே விதி வேறு. பெற்றோர் இருவரில் ஒருவரும் இளங்கலைப் பட்டம் பெற்றிருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. அண்ணனும் அக்காளும் என்ன படித்தார்கள் என்பது கணக்கில் வராது. நான் பிளஸ் டூவோடு நின்றவள். என் கணவர் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர். டிப்ளமோ பட்டத்தில் சேராது. எனவே எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளுமே 'முதல் தலைமுறை'தான். ஊரில் பி.காம்., பி.எஸ்சி. முடித்துவிட்டு இங்கே கிடங்கிலோ கடையிலோ வேலை பார்க்கும் பெற்றோர் அதை மறைக்காமல் சொல்லிவிடலாம். திட்டத்தை நடத்தும் ஒரு மையத்தில் சேரும் மாணவர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினர், வருமானம், முதல் தலைமுறை ஆகிய இரண்டு நிபந்தனைகளுக்கும் உட்பட்டவர்களாக இருக்க வேண்டும்; மீதி இடங்களுக்கு இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே விண்ணப்பிக்கலாம்.

வருமான வரம்பும் அப்படியே பலரைத் தேவையின்றி மிரட்டுகிறது. வறுமைக்கோட்டின் 150 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. 2025ஆம் ஆண்டின் கணக்குப்படி, நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது 48,225 டாலர் ஆகிறது. ஆனால் இது கையில் வரும் மொத்தச் சம்பளம் அன்று. வரிப் படிவத்தில் கழிவுகள் எல்லாம் போன பிறகு எஞ்சும், வரிக்கு உட்பட்ட வருமானம். கணவனும் மனைவியும் சேர்ந்து வரி தாக்கல் செய்தால் 2024ஆம் ஆண்டுக்குப் பொதுக் கழிவாக மட்டுமே 29,200 டாலர் கழிகிறது. அப்படியானால் இருவருமாக எழுபத்தேழாயிரம் டாலர் வரை சம்பாதிக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் தகுதி இருக்கக்கூடும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்த மூன்று குடும்பங்களை நானே அறிவேன். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பதும், எட்டாம் வகுப்பை முடித்திருப்பதும் மற்ற நிபந்தனைகள்.

இந்தத் திட்டம் நேற்று முளைத்ததன்று. அதிபர் லிண்டன் ஜான்சன் வறுமை ஒழிப்பை முன்வைத்த காலத்தில், 1964ஆம் ஆண்டின் பொருளாதார வாய்ப்புச் சட்டத்தின்கீழ்ப் பிறந்தது. அடுத்தடுத்து வந்த இரண்டு திட்டங்களோடு சேர்த்து மூன்றையும் 'டிரையோ' என்று அழைக்கத் தொடங்கினார்கள். இன்று அந்தக் குடும்பத்தில் மூன்றுக்கும் மேற்பட்டவை இருந்தாலும் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. பெரும்பாலும் அருகிலுள்ள ஒரு கல்லூரியே அரசின் மானியத்தைப் பெற்று மையத்தை நடத்துகிறது.

பள்ளி நடக்கும் மாதங்களில் மகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் மாலையில் பாடத் துணையும், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வகுப்பும் இருந்தன. கணிதம், ஆய்வகத்தோடு கூடிய அறிவியல், இலக்கியம், கட்டுரை எழுதுதல், ஓர் அயல்மொழி ஆகியவற்றைக் கற்பிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஒழுங்காக வரும் மாணவருக்குப் பள்ளி மாதங்களில் 40 டாலர் வரையிலும், கோடை மாதங்களில் 60 டாலர் வரையிலும் கைச்செலவுக்குக் கொடுக்க மையங்களுக்கு அனுமதி உண்டு. சிறு தொகைதான், ஆனால் சனிக்கிழமைகளில் வேலைக்குப் போக நினைக்கும் பதினாறு வயதுப் பிள்ளையை வகுப்புக்கு வரவழைக்க அது போதுமானதாக இருந்தது. கற்பித்தலின் தரத்தைப் பற்றிக் கேட்டால், நன்று என்று சொல்வேன். மிகச் சிறப்பு என்று சொல்ல மாட்டேன். கணித ஆசிரியர் அருமையானவர். மற்ற வகுப்புகளில் சில, பள்ளியில் நடத்தியதையே மறுபடி நடத்தின.

இந்தத் திட்டத்தின் உயிர் கோடைக்காலத்தில் இருக்கிறது. ஆறு வாரங்கள் பிள்ளைகள் கல்லூரி விடுதியிலேயே தங்கிப் படிக்கிறார்கள். வயதுக்கு வந்த பெண்ணை ஒன்றரை மாதம் வெளியே தங்க விடுவதா என்று எங்கள் வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. மையத்தின் இயக்குநர் பெற்றோரை அழைத்து விடுதியைச் சுற்றிக் காட்டினார். பெண்களுக்குத் தனித் தளம், இரவு பத்து மணிக்குக் கதவடைப்பு, தளத்துக்கு இரண்டு மேற்பார்வையாளர்கள், வாரக் கடைசியில் வீட்டுக்கு வரலாம் என்பனவற்றையெல்லாம் நேரில் கேட்ட பிறகே சம்மதித்தோம். 2022, 2023 ஆகிய இரண்டு கோடைகளிலும் அவள் அங்கே இருந்தாள்.

அந்த ஆறு வாரங்களில் அவள் கற்ற பாடங்களைவிட, கல்லூரி என்ற இடம் எப்படி இயங்குகிறது என்பதைக் கற்றுக்கொண்டதையே பெரிதாக எண்ணுகிறேன். பருவத் தொடக்கத்தில் கொடுக்கும் பாடத்திட்டத் தாள் ஒரு வகை ஒப்பந்தம் என்பதும், அதில் உள்ள தேதிகளை யாரும் நினைவூட்ட மாட்டார்கள் என்பதும் அவளுக்கு அங்கேதான் தெரிந்தன. பேராசிரியர்கள் அறைக் கதவில் எழுதி ஒட்டியிருக்கும் 'ஆஃபீஸ் அவர்ஸ்' என்பது, அவர்கள் தம் வேலையைப் பார்க்கும் நேரம், அப்போது தொந்தரவு செய்யக் கூடாது என்றே அவள் நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் பொருள் கொண்டிருப்பேன். அது மாணவர்களுக்காகவே ஒதுக்கிய நேரம், சந்தேகம் இல்லாவிட்டாலும் ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வரலாம் என்று சொல்லி, முதல் வாரத்திலேயே ஒவ்வொருவரையும் ஓர் ஆசிரியரின் அறைக்கு அனுப்பிவைத்தார்கள். பட்டம் பெற்ற பெற்றோரின் வீட்டில் இது இரவு உணவின்போது பேச்சோடு பேச்சாகப் பிள்ளையின் காதில் விழுந்துவிடும். எங்கள் வீட்டில் அதைச் சொல்ல ஆள் இல்லை. அந்த இடைவெளியை இட்டு நிரப்புவதற்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது என்பதை உணர்ந்த நாளில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இன்றும் மறக்கவில்லை.

திட்டம் உண்மையில் பலன் தருகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே சச்சரவு உண்டு. கல்வித் துறைக்காக மேத்தமேட்டிக்கா என்ற ஆய்வு நிறுவனம், விண்ணப்பித்தவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2009ஆம் ஆண்டு இறுதி அறிக்கை வெளியிட்டது. பள்ளிக்கு மேற்பட்ட படிப்பில் சேர்வோரின் மொத்த விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று அது கூறியது. அதே தரவுகளை மறுபடி ஆராய்ந்தவர்கள், ஒரேயொரு மையத்துக்கு அளவுக்கு மீறிய எடை கொடுக்கப்பட்டிருந்தது என்றும், அதைச் சரிசெய்தால் நல்ல பலன் தெரிகிறது என்றும் வாதிட்டார்கள். இந்தச் சச்சரவில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் முதல் ஆய்விலேயே ஒரு செய்தி தெளிவாக இருந்தது: பட்டம் வரை படிப்போம் என்ற எண்ணமே இல்லாமல் சேர்ந்த பிள்ளைகள், நான்காண்டுக் கல்லூரியில் சேர்வது கணிசமாக உயர்ந்தது. நான் கண்டதும் இதுதான். என் மகள் எப்படியும் ஏதோ ஒரு கல்லூரிக்குப் போயிருப்பாள். அவளுடைய விடுதித் தோழி ஒருத்தி, பள்ளி முடிந்ததும் மாமாவின் கடையில் கல்லாவில் உட்காரப்போவதாக முதல் நாள் சொன்னவள், இப்போது செவிலியர் பட்டப்படிப்பில் இருக்கிறாள்.

குறைகளைச் சொல்ல வேண்டும். முதலாவது, இடம் மிகக் குறைவு. நாடு முழுவதும் ஏறத்தாழ எழுபதாயிரம் மாணவர்களே இத்திட்டத்தில் இருக்கிறார்கள். தகுதியுள்ளவர்களின் எண்ணிக்கைக்கு இது ஒரு துளி. எங்கள் மையத்தில் அறுபது இடங்கள்தாம் இருந்தன. இரண்டாவது, மையத்துக்கு மையம் தரம் வேறுபடுகிறது. இயக்குநர் மாறினால் திட்டமே முகம் மாறிவிடும். மூன்றாவது, இதன் வாழ்வே நிச்சயமற்றது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு மையமும் மறுபடி போட்டியிட்டு மானியம் பெற வேண்டும். 2017ஆம் ஆண்டில், வரிகளுக்கு இடையே விடவேண்டிய இடைவெளி சரியில்லை என்பது போன்ற தட்டச்சுக் காரணங்களுக்காகப் பல கல்லூரிகளின் விண்ணப்பங்களைக் கல்வித் துறை படிக்காமலே தள்ளியது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் குரல் எழுப்பிய பிறகே அவற்றைப் பரிசீலிக்க முன்வந்தது. 2025ஆம் ஆண்டில் அதிபரின் வரவு செலவுத் திட்ட முன்மொழிவு, டிரையோ திட்டங்களுக்கு நிதியே வேண்டாம் என்றது. ஆகவே, உங்கள் ஊரில் மையம் இப்போது இருக்கிறதா, மானியம் எந்த ஆண்டு வரை இருக்கிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மற்ற திட்டங்களில் நம்மவர்கள் அதிகம் பேசுவது, நன்றாகப் படிக்கும் ஏழைப் பிள்ளைகளைப் பெரிய கல்லூரிகளோடு இணைத்துவைக்கும் குவெஸ்ட்பிரிட்ஜ். விண்ணப்பக் கட்டணம் கிடையாது. செப்டம்பர் இறுதிக்குள் விண்ணப்பித்து, தேர்வாகும் மாணவர் பதினைந்து கல்லூரிகள் வரை வரிசைப்படுத்திக் கொடுக்கலாம். டிசம்பர் தொடக்கத்தில் ஏதேனும் ஒன்றோடு இணை சேர்ந்தால், கட்டணம், விடுதி, உணவு எல்லாம் அடங்கிய நான்காண்டு உதவித்தொகை கிடைக்கும். யேல், பிரின்ஸ்டன் போன்றவையும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் 2023ஆம் ஆண்டில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பிக்க, இரண்டாயிரத்து இருநூற்றுச் சொச்சம் பேருக்கே இணை கிடைத்தது. ஏற்கெனவே வகுப்பில் முதலிடத்தில் இருக்கும் ஏழைப் பிள்ளையைச் சரியான வாசலுக்குக் கொண்டுசேர்க்கும் திட்டம் இது. அந்தப் பணியை மிகச் சிறப்பாகவே செய்கிறது. பிள்ளையை அந்த நிலைக்கு உயர்த்துவது இதன் வேலையன்று. என் மகளுக்கு இணை கிடைக்கவில்லை. ஆயினும் அந்த விண்ணப்பத்துக்காக அவள் ஆகஸ்டிலேயே எழுதி முடித்த கட்டுரைகள், மற்ற எல்லாக் கல்லூரிகளுக்கும் பயன்பட்டன. அதற்காகவே இதைப் பரிந்துரைப்பேன்.

பாஸி (Posse) அறக்கட்டளை பத்துப் பத்து மாணவர்களாக ஒரே கல்லூரிக்கு அனுப்புகிறது. தன் குழு தன்னோடு இருந்திருந்தால் படிப்பை விட்டிருக்க மாட்டேன் என்று ஒரு மாணவர் சொன்னதிலிருந்து, 1989ஆம் ஆண்டில் டெபோரா பியால் தொடங்கியது. அருமையான யோசனை. ஆனால் நாமாக விண்ணப்பிக்க முடியாது. பள்ளியோ ஓர் அமைப்போ பரிந்துரைக்க வேண்டும். வருமானத்தைப் பார்த்துத் தேர்வு செய்வதும் இல்லை. கற்பித்தல் கட்டணம் முழுவதும் கிடைக்கும். விடுதிக்கும் உணவுக்கும் வேறு வழி பார்க்க வேண்டும். பள்ளி நேரத்திலேயே ஒரு பாடவேளையாக நடக்கும் அவிட் வகுப்பு, நடுத்தர மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளுக்குக் குறிப்பெடுக்கவும் கேள்வி கேட்கவும் நல்ல பழக்கம் தருகிறது. பள்ளியில் இருந்தால் யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள்.

இனி, பணத்துக்கு வருவோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த ஆண்டில்தான் கல்லூரி நிதியுதவிக்கான ஃபாஃப்சா படிவத்தை அரசு முழுவதுமாக மாற்றியமைத்தது. வழக்கமாக அக்டோபர் முதல் தேதி திறக்க வேண்டிய படிவம், 2023 டிசம்பர் கடைசியில்தான், அதுவும் திறந்தும் மூடியுமாக வந்தது. கல்லூரிகளுக்கு விவரங்கள் போய்ச்சேர மார்ச் பாதியாகிவிட்டது. இரவு வேலை முடிந்து வந்து கணினி முன் உட்கார்ந்து, பிழைச் செய்தியைப் பார்த்துவிட்டு எழுந்து போன நாட்கள் எத்தனையோ. அப்வர்ட் பவுண்ட் மையத்தில் ஜனவரி மாதச் சனிக்கிழமை ஒன்றில் பெற்றோர் எல்லாரையும் வரிப் படிவங்களோடு வரச் சொல்லி, ஒவ்வொரு குடும்பத்தின் பக்கத்திலும் ஒருவர் உட்கார்ந்து, கணக்குத் தொடங்குவதிலிருந்து கையெழுத்து வரை முடித்துக் கொடுத்தார்கள். வருமானம் குறைந்த வீட்டு மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகையின் உச்ச அளவு அந்த ஆண்டு 7,395 டாலர். மகளுக்கு முழுத் தொகையும் கிடைத்தது.

பக்கத்தில் ஒருவர் உட்கார்வது என்பது சாதாரணமாகத் தோன்றலாம். 2012ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், எச் அண்ட் ஆர் பிளாக் என்ற தனியார் வரிச்சேவை நிறுவனத்தின் அலுவலகங்களில், வரி தாக்கல் செய்ய வந்த குடும்பங்களுக்கு அங்கேயே ஃபாஃப்சாவையும் நிரப்பிக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளின் பள்ளி இறுதியாண்டுப் பிள்ளைகளில் கல்லூரி சேர்ந்தோர் விகிதம் 34இலிருந்து 42 சதவீதமாக உயர்ந்தது. எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற தகவலை மட்டும் அச்சிட்டுக் கொடுத்த குடும்பங்களில் பயன் தெரியவில்லை. பின்னர் எட்டு லட்சம் மாணவர்களுக்குக் குறுஞ்செய்தியும் அஞ்சலும் அனுப்பி நினைவூட்டிப் பார்த்த பெரிய முயற்சியிலும் சேர்க்கை உயரவில்லை. ஆகவே, ஒரு திட்டம் தன்னிடம் அருமையான செயலி இருக்கிறது, தினமும் நினைவூட்டல் வரும் என்று விளம்பரம் செய்தால், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். என் பிள்ளைக்கென்று பெயர் சொல்லக்கூடிய ஓர் ஆள் இருக்கிறாரா, அவரிடம் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பள்ளிக் கவுன்சிலர் ஒருவருக்கு 250 மாணவர்கள் என்பது அவர்களுடைய சங்கமே பரிந்துரைக்கும் அளவு. நாட்டுச் சராசரியோ 370ஐத் தாண்டுகிறது. பள்ளியால் மட்டும் முடியாத வேலை இது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பன்னிரண்டாம் வகுப்பில், கட்டுரை எழுத உதவும் தொண்டு அமைப்பு ஒன்றிலும் மகளைச் சேர்த்திருந்தோம், பெயர் வேண்டாம். கட்டுரைக்கு உண்மையாகவே நல்ல உதவி செய்தார்கள். மே மாதத்தில் விழா எடுத்து, சேரப்போகும் கல்லூரியின் பெயர் போட்ட சட்டை அணிவித்துப் படம் எடுத்தார்கள். அதோடு சரி. ஜூலையில் கல்லூரியிலிருந்து வந்த முதல் கட்டணச் சீட்டில், நாங்கள் எதிர்பார்த்ததைவிட 2,000 டாலருக்கு மேல் கூடுதலாக இருந்தது. அந்த அமைப்புக்கு நான்கு முறை அழைத்தோம். அடுத்த ஆண்டு மாணவர்களுக்கான வேலை தொடங்கிவிட்டதாகப் பதில் வந்தது. என் கணவர், ஓராண்டு வேலை பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

அப்போது மகள் அப்வர்ட் பவுண்டின் இறுதிக் கோடையில் இருந்தாள். பள்ளி முடித்தவர்கள் கல்லூரிப் பாடம் ஒன்றை மதிப்பலகோடு படிக்கும் இணைப்புக் காலம் அது. ஆலோசகர் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்து, மருத்துவக் காப்பீட்டுத் தொகை தானாகச் சேர்ந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். வீட்டில் ஏற்கெனவே காப்பீடு இருந்தால், விலக்குப் படிவத்தைக் குறித்த தேதிக்குள் நிரப்பிக் கொடுத்தால் போதும், அந்தத் தொகை நீங்கிவிடும். இருபது நிமிட வேலை. இப்படிச் சேர்க்கைக் கடிதம் கையில் இருந்தும் கோடையிலேயே கரைந்துபோகும் பிள்ளைகளைப் பற்றி இந்நாட்டில் ஆய்வாளர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். தடுப்பூசிச் சான்று, விடுதி முன்பணம், காப்பீட்டு விலக்கு, வருமானச் சரிபார்ப்பு என்று அந்த இரண்டு மாதங்களில் வரும் ஒவ்வொரு தாளும், கல்லூரியைக் கண்டிராத வீட்டுக்கு ஒரு சுவர். மே மாதத்தோடு கை கழுவிவிடும் திட்டத்துக்கு நான் பாதி மதிப்பெண்தான் கொடுப்பேன்.

அப்வர்ட் பவுண்டும் கல்லூரி வாசல் வரையில்தான் வருகிறது. அதற்குப் பின், டிரையோவின் இன்னொரு கிளையான மாணவர் துணைச் சேவை அந்தக் கல்லூரியில் இருந்தால் அங்கே சேர்ந்துகொள்ளலாம். எல்லாக் கல்லூரிகளிலும் அது இல்லை. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை விசாரிக்கச் சொல்லி ஆலோசகர் முன்கூட்டியே அறிவுறுத்தியிருந்தார். மகள் முதல் வாரத்திலேயே பதிவு செய்துகொண்டாள். வேதியியலில் தடுமாறிய பருவத்தில் அங்கிருந்துதான் பாடத் துணை கிடைத்தது.

விண்ணப்பிக்க விரும்புவோர் எட்டாம் வகுப்பின் கடைசி மாதங்களிலேயே பள்ளிக் கவுன்சிலரைப் பாருங்கள். பதினொன்றாம் வகுப்பில் இடம் கிடைப்பது கடினம். வரிப் படிவத்தின் நகல், மதிப்பெண் பட்டியல், இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரை ஆகியவற்றை எங்கள் மையம் கேட்டது. நேர்காணலுக்குப் பெற்றோரும் போக வேண்டியிருந்தது. ஆங்கிலம் தடுமாறும் என்று அஞ்சிப் போகாமல் இருந்துவிடாதீர்கள், நான் போய்த் தடுமாறித்தான் பேசினேன். எங்கள் மகன் இந்த ஜூன் மாதம் எட்டாம் வகுப்பை முடிக்கிறான். அவனுக்கான விண்ணப்பத்தை விடுமுறைக்கு வந்திருந்த அக்காளே உட்கார்ந்து நிரப்பினாள். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இரண்டு இடங்களை மட்டும் பென்சிலால் குறித்து என்னிடம் கொடுத்தாள்.